குலுக்கல்ல பிரைவேட் ஸ்கூல் சீட் விழுந்தா அனுப்பலாமா? எல்லாருக்கும் கவர்மெண்ட்டே ஃபீஸ் கட்டிட்டா போதாதா?

உங்க கேள்விய ரெண்டு தடவ படிச்சேன். மூன்றரை வயசு பொண்ணு, லோடு ஆட்டோ வருமானம், ஆர்டிஇ-ல, அதாவது கல்வி உரிமைச் சட்டத்துல அப்ளை பண்ணப் போறீங்க, வீட்டுலேர்ந்து அரை கிலோமீட்டர்ல ஒரு மெட்ரிக் ஸ்கூல், அதுக்கும் கிட்டக்க தெருமுனைலயே ஒன்றிய தொடக்கப்பள்ளி. சீட் விழுந்தா அனுப்பலாமான்னு கேட்டிருக்கீங்க. கடைசில, அமெரிக்கால வவுச்சர்னு ஒண்ணு குடுக்குறாங்களாமே, கவர்மெண்ட் ஸ்கூல் நடத்துற காசை அப்படியே அப்பா அம்மா கையில குடுத்துட்டா எல்லா பிள்ளையும் நல்ல ஸ்கூல்ல படிச்சிடுமே, அதை ஏன் இங்க செய்ய மாட்டேங்கிறாங்கன்னும் கேட்டிருக்கீங்க. ஆனா இந்த ரெண்டுக்கும் அடியில இன்னொரு கேள்வி இருக்குன்னு எனக்குத் தோணுது, "சீட் விழலைன்னா பிள்ளைய கவர்மெண்ட் ஸ்கூல்ல தான் போடணும், அப்ப நான் அவளுக்கு கெடுதல் பண்றேனா"ன்னு. அதுக்கும் சேத்தே பதில் சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

நான் டெல்டா பக்கம் இடைநிலை ஆசிரியரா வேலைக்கு சேர்ந்து தொடக்கப்பள்ளி தலைமையாசிரியரா ரிட்டயர் ஆனவன். 31 வருஷம், நடுவுல சில வருஷம் மத்த டீச்சர்களுக்கு பயிற்சி குடுக்குற கருத்தாளரா பல ஒன்றியத்துக்கு போயிருக்கேன். அதனால ஒண்ணாங்கிளாஸ்லேர்ந்து அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் நான் சொல்றத நம்பி எடுத்துக்கலாம். ஹைஸ்கூல், ப்ளஸ் டூ, சென்னை கோயம்புத்தூர் பெரிய ஸ்கூல் பத்தி நான் சொல்றது வெளியேர்ந்து பாத்தவன் பேச்சு, அந்த அளவுல எடுத்துக்கோங்க.

முதல்ல சட்டம். 2009ல வந்த கல்வி உரிமைச் சட்டம், 2010 ஏப்ரல் 1லேர்ந்து நடைமுறை. அதுல 12(1)(சி)ன்னு ஒரு பிரிவு, அரசு உதவி வாங்காத தனியார் பள்ளி நுழைவு வகுப்புல 25 சதவீத இடத்தை அக்கம்பக்கத்து நலிவடைந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவு பிள்ளைங்களுக்கு ஒதுக்கணும், எட்டாங்கிளாஸ் முடியற வரைக்கும் இலவசம். அந்த ஃபீஸை அரசு பள்ளிக்கு திருப்பிக் குடுக்கும், ஆனா ஸ்கூல் கேக்குற தொகை அப்படியே இல்ல, ஸ்கூல் வாங்குற ஃபீஸ் எவ்வளவு, அரசு தன்னோட ஸ்கூல்ல ஒரு பிள்ளைக்கு செலவு பண்றது எவ்வளவு, ரெண்டுல எது கம்மியோ அது. நம்ம ஊர்ல நலிவடைந்த பிரிவுக்கு ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்கு உள்ள இருக்கணும், ஒரு கிலோமீட்டர் எல்லைக்குள்ள வீடு இருக்கணும், விண்ணப்பம் இடத்தை விட அதிகமா வந்தா குலுக்கல். 2012ல உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவு செல்லும்னு சொல்லிடுச்சு, சிறுபான்மை பள்ளிகளுக்கு மட்டும் விலக்கு. அதனால உங்க வீட்டுப் பக்கத்துல சிறுபான்மையினர் நடத்துற ஸ்கூல் இருந்தா அது லிஸ்ட்ல வராது, அங்க போய் ஏன் குடுக்கலைன்னு சண்டை போட வேண்டாம். ஆக, வவுச்சர்னு பேரு வைக்காம இந்தியால ஒரு வவுச்சர் பதினஞ்சு வருஷமா ஓடிட்டு தான் இருக்கு, உங்க பொண்ணுக்கு நீங்க அப்ளை பண்றதே அதுக்குத் தான்.

இப்ப உறுதியா தெரிஞ்ச விஷயத்துக்கு வரேன். பிரைவேட்டுக்கு போனா பிள்ளை நல்லா படிக்குமாங்கிறது சும்மா பாத்து சொல்ல முடியாத கேள்வி, ஏன்னா பிரைவேட்டுக்கு அனுப்புற வீடு வேற, அனுப்ப முடியாத வீடு வேற. அம்மா பத்தாவது படிச்சிருப்பாங்க, வீட்டுல உக்கார வெச்சு எழுத வைப்பாங்க, ட்யூஷன் வேற இருக்கும், பிள்ளை நல்லா படிச்சா அது ஸ்கூலாலயா வீட்டாலயான்னு யாருக்கும் பிரிச்சு சொல்லத் தெரியாது. இதைப் பிரிக்க நல்ல வழி குலுக்கல் தான், ஏன்னா சீட் விழுந்த வீடும் விழாத வீடும் ஒரே மாதிரி இருக்கும். ஆந்திராவுல 2008ல அதைச் செஞ்சாங்க, அஞ்சு மாவட்டம், 180 கிராமம், கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் பண்ண ஆய்வு. எந்த கிராமத்துக்கு ஸ்காலர்ஷிப் திட்டம்ங்கிறதே ஒரு குலுக்கல், அந்த கிராமத்துல கவர்மெண்ட் ஸ்கூல் பிள்ளைங்கள்ல யாருக்கு பிரைவேட்ல படிக்க காசுங்கிறது ரெண்டாவது குலுக்கல். நாலு வருஷம் கழிச்சு பரீட்சை வெச்சுப் பாத்தா தெலுங்குலயும் கணக்குலயும் பிரைவேட்டுக்கு போன பிள்ளைக்கும் குலுக்கல்ல விழாம கவர்மெண்ட் ஸ்கூல்லயே இருந்த பிள்ளைக்கும் வித்தியாசம் இல்ல. ஹிந்தில மட்டும் பிரைவேட் பிள்ளை நல்லாவே முன்னாடி, ஏன்னா அங்க கவர்மெண்ட் ஸ்கூல்ல அந்த வயசுல ஹிந்தி இல்ல, பிரைவேட்ல உண்டு.

இதை மட்டும் கேட்டா கவர்மெண்ட் ஸ்கூல்காரன் ஆச்சே, தன் பக்கம் இழுக்குறான்னு நினைப்பீங்க. அதே ஆய்வுல எங்க மாதிரி ஆளுங்க தலை குனிய வேண்டிய விஷயமும் இருக்கு, அதையும் சொல்லிடறேன். அந்த பிரைவேட் ஸ்கூல் ஒரு பிள்ளைக்கு செலவு பண்ணது கவர்மெண்ட் ஸ்கூல் செலவுல மூணுல ஒரு பங்கு கூட இல்ல. தெலுங்குக்கும் கணக்குக்கும் அவங்க கம்மியான நேரம் தான் ஒதுக்குனாங்க, அந்த கம்மி நேரத்துலயே எங்க அளவுக்கு கொண்டு வந்துட்டு, மிச்ச நேரத்துல இங்கிலீஷும் ஹிந்தியும் சொல்லிக் குடுத்திருக்காங்க. நல்ல சம்பளம் வாங்குற, முறையா பயிற்சி எடுத்த நாங்க அவங்களை விட ரொம்ப மேல கொண்டு வந்திருக்கணும், வரலை. இது என்னை பல நாள் தூங்க விடாத விஷயம். ஒண்ணு மட்டும், அது ஆந்திர கிராமத்துல இருந்த சின்ன பட்ஜெட் ஸ்கூல், அதை வெச்சு டவுன்ல இருக்குற உங்க மெட்ரிக் ஸ்கூலை அப்படியே எடை போட நான் தயாரா இல்ல. ஆனா "பிரைவேட்டுன்னாலே படிப்பு நல்லா இருக்கும்"னு ஊரே சொல்றத அப்படியே நம்ப முடியாதுன்னு சொல்ல அது போதும்.

அப்பறம் ஏன் ஊரே பிரைவேட்டுக்கு போகுது? இங்கிலீஷ்னு எல்லாரும் சொல்வாங்க. அது உண்மை தான், ஆனா பாதி உண்மை. கவர்மெண்ட் ஸ்கூல்லயும் 2012-13லேர்ந்து இங்கிலீஷ் மீடியம் செக்ஷன் வந்துடுச்சு, அதுக்கப்பறமும் பிள்ளைங்க போறது நிக்கல. நான் பாத்த வரைக்கும் பெரிய காரணம் வயசு. நம்ம தொடக்கப்பள்ளில ஒண்ணாங்கிளாஸ்க்கு 5 வயசு முடிஞ்சிருக்கணும். ஆனா பிள்ளைய எங்கயாவது விட்டுட்டு வேலைக்கு போகணும்ங்கிற தேவை மூணு வயசுலயே வந்துடுது. அங்கன்வாடி இருக்கு, அந்த ஒரு அம்மா தான் சமைக்கிறத மேற்பார்வை பாக்கணும், எடை போடணும், ரெஜிஸ்டர் எழுதணும், கர்ப்பிணி வீட்டுக்கு போகணும், இதுக்கு நடுவுல பாட்டும் சொல்லிக் குடுக்கணும். பக்கத்துலயே எல்கேஜி, டை, ஷூ, வேன். பிள்ளை மூணு வயசுல அந்த வேன்ல ஏறிட்டா அஞ்சு வயசுல இறங்கி எங்க ஸ்கூலுக்கு ஏன் வரணும்? ஜூன் மாசம் பேனர் புடிச்சுக்கிட்டு சேர்க்கை பேரணி போவோம், வீடு வீடா ஏறி இறங்குவோம், "ஏம்மா, பிள்ளைய நம்ம ஸ்கூல்ல போடக் கூடாதா"ன்னு கேட்டா அந்த அம்மா சங்கடமா சிரிச்சுக்கிட்டே "இப்ப யூகேஜி முடிச்சிட்டான் சார், அங்கயே பழகிட்டான்"னு சொல்லும். எத்தனை வீட்டுல இதே பதில். ஒண்ணாங்கிளாஸ்ல நாங்க எப்படி சொல்லிக் குடுக்குறோம்னு பாத்து அவங்க முடிவு எடுக்கல, நாங்க கடை திறக்குறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே முடிவு முடிஞ்சு போச்சு.

அதனால தான் 2019ல நடுநிலைப் பள்ளி வளாகத்துல இருந்த 2,381 அங்கன்வாடில எல்கேஜி யூகேஜி ஆரம்பிச்சப்ப எனக்கு அவ்வளவு சந்தோஷம். பெத்தவங்க வந்தாங்க, கவர்மெண்ட் ஸ்கூல் வாசல்ல யூனிஃபார்ம் போட்ட மூணு வயசு பிள்ளைங்களை அப்ப தான் பாத்தேன். ஆனா அதுக்குன்னு டீச்சர் போடல, தொடக்கப்பள்ளில உபரின்னு காட்டுன இடைநிலை ஆசிரியரை இறக்கி விட்டாங்க, 2022ல அவங்களை திரும்ப எடுத்துட்டு மூடப் போறோம்னாங்க, எதிர்ப்பு வந்ததும் இல்ல இல்ல நடத்துறோம், தற்காலிக டீச்சர் போடுறோம்னாங்க. ஒரு வருஷம் இருக்கு, அடுத்த வருஷம் இருக்குமான்னு தெரியாத இடத்துல யாரு பிள்ளைய விடுவா? இதுல பெத்தவங்களை குறை சொல்ல எனக்கு வாய் வராது.

அடுத்தது, வெளில இருக்குறவங்களுக்கு தெரியாத ஒரு கணக்கு. ஸ்கூல்ல எத்தனை டீச்சர்ங்கிறது ஆகஸ்ட் 1ம் தேதி எத்தனை பிள்ளை இருக்குங்கிறத வெச்சு முடிவாகும். கல்வி உரிமைச் சட்ட அட்டவணைப்படி 60 பிள்ளை வரைக்கும் ரெண்டு டீச்சர், 61லேர்ந்து 90 வரைக்கும் மூணு, 120 வரைக்கும் நாலு. காகிதத்துல பாத்தா 30க்கு ஒண்ணு, எவ்வளவு நல்லா இருக்கு. ஆனா தொடக்கப்பள்ளில கிளாஸ் அஞ்சு. 58 பிள்ளை இருந்தா ரெண்டு டீச்சர் அஞ்சு கிளாஸை பாக்கணும், ஒருத்தர் ஒண்ணு ரெண்டு மூணு, இன்னொருத்தர் நாலு அஞ்சும் ஆபீஸ் வேலையும், அவர் தான் தலைமையாசிரியர். மீட்டிங்குக்கு கூப்பிட்டா, எமிஸ்ங்கிற ஆன்லைன் பதிவுல விவரம் ஏத்தணும்னா, சத்துணவு கணக்கு பாக்கணும்னா, யாராவது மெடிக்கல் லீவ் போட்டா, அன்னிக்கு ஒரே டீச்சர் அஞ்சு கிளாஸ். பெத்தவங்க கேட் பக்கம் நின்னு பாக்குறாங்க, பிள்ளைங்க சும்மா உக்காந்திருக்கு. அடுத்த வருஷம் நாலு வீடு டி.சி. வாங்கும். ஆகஸ்ட் 1 கணக்குல குறைஞ்சா, மூணு டீச்சர் இருக்குற இடத்துல ஒருத்தர் உபரி, பணி நிரவல்ல வேற ஊருக்கு போயிடுவார். இன்னும் நாலு வீடு போகும். நான் தலைமையாசிரியரா இருந்த ஒரு ஸ்கூல்ல 64 பிள்ளை இருந்துச்சு, ஒரு கோடை விடுமுறைல செங்கல் சூளைக்கு வேலைக்கு போன மூணு குடும்பம் திரும்பி வரலை, 59 ஆச்சு, ஒரு டீச்சர் போனாங்க. ஒண்ணாங்கிளாஸ் எடுக்குறதுல அவங்களை மாதிரி நான் ஒருத்தரை பாத்ததில்ல, அவங்க போன ரெண்டே வருஷத்துல நாப்பதுக்கு கீழ வந்துட்டோம். இதுல யாரையும் சோம்பேறின்னு திட்டி ஒண்ணும் ஆகாது, கணக்கே அப்படி போட்டிருக்கு.

இதை ஏன் இவ்வளவு நீளமா சொல்றேன்னா, உங்க வவுச்சர் கேள்விக்கு பதில் இதுக்குள்ள தான் இருக்கு. வவுச்சர் வேணும்ங்கிறவங்க வாதம் என்னன்னா, பணம் பிள்ளை பின்னாடி போனா பிள்ளைய இழக்குற ஸ்கூல் பயந்து திருந்தும். 1955லயே மில்டன் ஃப்ரீட்மன்ங்கிற அமெரிக்க பொருளாதார அறிஞர் எழுதுன வாதம், அமெரிக்கால மில்வாக்கி நகரத்துல 1990ல ஏழை பிள்ளைங்களுக்கு வவுச்சரா ஆரம்பிச்சாங்க. கேக்க நியாயமா இருக்கு, அதுல ஒரு நீதியும் இருக்கு, வசதி இருக்குறவன் ஏற்கெனவே தேர்ந்தெடுத்துட்டு தான் இருக்கான், இல்லாதவனுக்கு மட்டும் ஏன் அந்த உரிமை இல்லைங்கிறது நல்ல கேள்வி. ஆனா எங்க ஊர் ஸ்கூல் பிள்ளைய இழந்தப்ப திருந்தறதுக்கு கையில எதுவும் இருந்ததில்ல. டீச்சர் போடுற அதிகாரம் இல்ல, எல்கேஜி ஆரம்பிக்கிற அதிகாரம் இல்ல, இருந்த டீச்சரும் போயிட்டாங்க. கடைல வியாபாரம் குறைஞ்சா கடைக்காரன் சரக்க மாத்தலாம், நேரத்தை மாத்தலாம், விலைய மாத்தலாம். தலைமையாசிரியர் எதை மாத்துவார்? ஆந்திர ஆய்வுலயும் இதை தனியா பாத்திருக்காங்க, ஸ்காலர்ஷிப் குடுத்த கிராமத்துல கவர்மெண்ட் ஸ்கூல்லயே மிச்சம் இருந்த பிள்ளைங்களுக்கு நல்லதும் நடக்கல, கெட்டதும் நடக்கல.

வெளிநாட்டு அனுபவமும் ஒரே பக்கம் சாயல. அமெரிக்காலயே பாஸ்டன்ல குலுக்கல் மூலமா சார்ட்டர் ஸ்கூலுக்கு போன பிள்ளைங்க மார்க் நல்லாவே ஏறுச்சு, அது அரசு பணத்துல தனி நிர்வாகம் நடத்துற இலவச ஸ்கூல். லூசியானால வவுச்சர் வாங்கி பிரைவேட்டுக்கு போன பிள்ளைங்க கணக்குல கீழ போனாங்க. நாடு முழுக்க செஞ்சு பாத்தது சிலி, 1981ல ராணுவ ஆட்சில. நல்லா படிக்கிற பிள்ளை, கொஞ்சம் வசதியான வீட்டுப் பிள்ளை எல்லாம் மானியம் வாங்குற பிரைவேட்டுக்கு நகர்ந்தாங்க, முனிசிபாலிட்டி ஸ்கூல்ல மிச்சம் நின்னது ஏழைங்க, நாட்டோட சராசரி மார்க் எதிர்பாத்த மாதிரி ஏறல. கடைசில 2008ல ஏழை பிள்ளைக்கு கூடுதல் மானியம்னு சட்டம் போட்டாங்க, 2015ல மானியம் வாங்குற ஸ்கூல் பிள்ளைய வடிகட்டி எடுக்கக் கூடாது, மேல காசு வாங்குறத படிப்படியா நிறுத்தணும், லாபத்துக்கு நடத்தக் கூடாதுன்னு இன்னொரு சட்டம். முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு அவங்களுக்கு அந்த பாடத்தை படிக்க. இதுலேர்ந்து எனக்கு தெளிவா தெரியறது, பெத்தவங்க ஸ்கூலை தேர்ந்தெடுக்குறாங்களா, ஸ்கூல் பிள்ளைய தேர்ந்தெடுக்குதாங்கிறதுல தான் எல்லாம் இருக்கு. நம்ம ஆர்டிஇ-ல குலுக்கல் வெச்சது அந்த வகைல ரொம்ப சரியான ஏற்பாடு.

இன்னொண்ணு, நமக்கு இது புதுசும் இல்ல. உங்க ஊர்லயே அரசு உதவி பெறும் பள்ளி ஒண்ணு இருக்கும், மிஷன் ஸ்கூலோ, செட்டியார் நடத்துனதோ, நிர்வாகம் தனியார், டீச்சர் சம்பளம் அரசு. 1854ல வெள்ளைக்காரன் காலத்து உட்ஸ் அறிக்கைலேர்ந்து வந்த முறை. அரசு காசு, தனியார் நிர்வாகம், ஏழைக்கும் இடம், நூறு வருஷத்துக்கு மேல நடந்துட்டு வருது. அதுல ரொம்ப நல்ல ஸ்கூலும் உண்டு, பிள்ளையே இல்லாம பேருக்கு நடக்குறதும் உண்டு. பள்ளிய யார் நடத்துறாங்கங்கிறது மட்டும் எதையும் தீர்மானிக்கலைங்கிறதுக்கு நம்ம கண்ணு முன்னாடி இருக்குற சாட்சி அது.

அப்ப நான் 25 சதவீதத்துக்கு எதிரான்னு கேட்டா, இல்ல, முழு ஆதரவு. மார்க்குக்காக ஆதரவு இல்ல. டெல்லில கௌதம் ராவ்னு ஒருத்தர் பண்ண ஆய்வு, பணக்கார ஸ்கூல்ல ஏழை பிள்ளைங்க கூட ஒரே கிளாஸ்ல படிச்ச பணக்கார பிள்ளைங்க எப்படி மாறுனாங்கன்னு. அவங்க அதிகமா குடுக்குறாங்க, உதவிக்கு முன்வராங்க, ரிலே ரேஸுக்கு கூட்டாளி எடுக்கச் சொன்னா ஏழை பிள்ளைன்னு ஒதுக்குறது குறைஞ்சிருக்கு, பெரிய வீட்டுக்காரங்க பயந்த மாதிரி படிப்பு கெட்டுப் போகவும் இல்ல. நம்ம ஊர்ல சாதியும் காசும் ஸ்கூல் வேன் கலர்லயே பிரிஞ்சு கிடக்கு, ஒரே பெஞ்சுல உக்காந்து சாப்பாட்டு டப்பாவ மாத்திக்கிட்டு சாப்பிடறது சின்ன விஷயம் இல்ல. அதுக்காகவே இந்த சட்டம் இருக்கணும்.

ஆனா அதோட குறையும் சொல்லணும். ஆன்லைன்ல அப்ளை பண்ணத் தெரிஞ்ச, வருமான சான்றிதழ் சாதி சான்றிதழ் வாங்க அலையத் தெரிஞ்ச வீடு தான் பெரும்பாலும் வருது. சத்தீஸ்கர்ல இதைப் பத்தி பண்ண ஆய்வுல, குலுக்கல்ல தோத்தவங்கள்லயே பெரும்பாலான பிள்ளைங்க எப்படியோ காசு கட்டி பிரைவேட்டுக்கே தான் போயிருந்தாங்க, அதாவது எப்படியும் கட்டியிருக்கப் போற ஃபீஸை அரசு கட்டுன மாதிரி ஆகிடுச்சு. செங்கல் சூளைக்கு போன அந்த மூணு குடும்பம் என் அனுபவத்துல ஒரு தடவ கூட ஆர்டிஇ ஃபார்ம் போட்டதில்ல. அப்பறம் பணம் வர்ற வழி ஒரு இடத்துல அடைச்சா எல்லாம் நிக்கும். 2025-26க்கு கோடைல தொடங்க வேண்டிய சேர்க்கை தமிழ்நாட்டுல தொடங்கவே இல்ல, தேசிய கல்விக் கொள்கைய ஏத்துக்கணும்னு சொல்ற பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்டத்துல தமிழ்நாடு கையெழுத்து போடலைன்னு, பள்ளிக் கல்விக்கு மாநிலத்துக்கு தர்ற சமக்ர சிக்ஷா பணத்தை ஒன்றிய அரசு நிறுத்தி வெச்சது, வழக்கு உயர் நீதிமன்றம் போச்சு, அக்டோபர்ல தான் சேர்க்கை ஆரம்பிச்சது. அதுக்குள்ள ஜூன்லயே எத்தனை வீடு கடன் வாங்கி ஃபீஸ் கட்டிச்சோ. ரெண்டு அரசுக்கும் நடுவுல நடந்த சண்டைல மூணு வயசு பிள்ளை ஏன் மாட்டணும்? இதுல எனக்கு ரொம்ப கோவம் உண்டு.

கவர்மெண்ட் ஸ்கூலை திருத்தவே முடியாது, அதனால தான் வவுச்சர்னு சொல்றவங்களுக்கு, நம்ம ஊர்லயே அளந்து பாத்த ரெண்டு விஷயம் சொல்லணும். ஒண்ணு, தமிழ்நாட்டுல 640 அங்கன்வாடிய எடுத்து, பாதி இடத்துல பாதி நாள் வேலைக்கு ஒரு கூடுதல் ஆளைப் போட்டாங்க, முன்பருவக் கல்விக்குன்னே. சொல்லிக் குடுக்குற நேரம் ரெண்டு மடங்காச்சு, ஒண்ணரை வருஷத்துல பிள்ளைங்க மொழிலயும் கணக்குலயும் தெளிவா முன்னேறுனாங்க, ஏற்கெனவே இருக்குற அங்கன்வாடி அம்மாவுக்கு நேரம் கிடைச்சதால பிள்ளைங்க உடம்பு கூட தேறுச்சு. ரெண்டாவது, கொரோனால ஸ்கூல் மூடுனதுக்கு அப்பறம் 2021ல வந்த இல்லம் தேடிக் கல்வி. சாயங்காலம் தெருவுல தன்னார்வலர் உக்காந்து சொல்லிக் குடுத்தாங்க, பெரும்பாலும் அதே தெரு பொண்ணுங்க. ஸ்கூல் திறந்த ஆறு மாசத்துல பிள்ளைங்க இழந்ததுல மூணுல ரெண்டு பங்கு மீண்டுச்சு, அந்த மீட்சில நாலுல ஒரு பங்கு இல்லம் தேடிக் கல்வியால வந்ததுன்னு கணக்கு போட்டிருக்காங்க, அதுலயும் ஏழை வீட்டுப் பிள்ளைக்குத் தான் அதிக பலன். ரெண்டுமே பெரிய கட்டடம் கட்டி செஞ்சதில்ல. அந்த வயசுக்கு, அந்த வேலைக்குன்னே ஒரு ஆள், அவ்வளவு தான் போட்டாங்க.

காலை உணவுத் திட்டம், 2022 செப்டம்பர்ல மதுரைல ஆரம்பிச்சு 2023 ஆகஸ்ட்ல எல்லா அரசு தொடக்கப்பள்ளிக்கும் வந்தது, அதனால மார்க் ஏறிடுச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா முதல் பீரியட்ல வயிறு வலிக்குதுன்னு தலைய பெஞ்சுல வெச்சு படுக்குற பிள்ளைய தினம் பாத்தவன் நான், வலி என்னன்னு எங்களுக்கு தெரியும். எண்ணும் எழுத்தும்ங்கிற அரசு திட்டம் வந்து அரும்பு, மொட்டு, மலர்னு பிள்ளையோட நிலைக்கு ஏத்த மாதிரி பிரிச்சு சொல்லிக் குடுக்கச் சொன்னதும் சரியான திசை தான், ரெண்டு டீச்சர் ஸ்கூல்ல அதை நடத்துறது எவ்வளவு கஷ்டம்ங்கிறது வேற. என்னைக் கேட்டா முதல் வேலையா எல்லா தொடக்கப்பள்ளிலயும் எல்கேஜி, அதுக்கு நிரந்தர டீச்சர், எத்தனை பிள்ளை இருந்தாலும் மூணு டீச்சருக்கு குறையக் கூடாது. இது நடந்த ஊர்ல பெத்தவங்க பிரைவேட்டா கவர்மெண்ட்டான்னு யோசிச்சா அதுக்குப் பேரு தான் தேர்வு. இப்ப நடக்குறது வேற வழி இல்லாம ஓடுறது.

உங்க பொண்ணு விஷயத்துக்கு வரேன். அப்ளை பண்ணுங்க, அதுல நஷ்டம் இல்ல. சீட் விழுந்தா கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி ஆபீஸ்ல உக்காந்து ஃபீஸ் போக வேற என்னென்ன காசுன்னு எழுதி வாங்குங்க, புக், நோட்டு, யூனிஃபார்ம், ஷூ, வேன், ஆண்டு விழா. எங்க சொந்தக்கார பிள்ளைக்கு ஒரு ஸ்கூல்ல "ஆர்டிஇ தான், ஃப்ரீ தான்"னு சேத்துக்கிட்டு ஜூலை மாசம் வேற வேற பேருல ஒரு பெரிய தொகை கேட்டாங்க, பிள்ளைய திருப்பி அழைச்சுக்க மனசு வராம கட்டுனாங்க. அடுத்தது, இலவசம் எட்டாங்கிளாஸோட முடியும், ஒன்பதாவதுக்கு என்ன பண்ணப் போறீங்கன்னு இப்பவே ஒரு யோசனை வேணும். அப்ப கவர்மெண்ட் ஸ்கூலுக்கு மாத்துனா ஒண்ணும் குறைஞ்சிடாது, மருத்துவப் படிப்புல அரசுப் பள்ளி பிள்ளைங்களுக்கு 2020ல வந்த 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு ஆறாவதுலேர்ந்து அரசுப் பள்ளில படிச்சிருக்கணும், ஆனா ஆர்டிஇ-ல எட்டாவது வரைக்கும் பிரைவேட்ல படிச்சுட்டு ஒன்பதாவதுலேர்ந்து அரசுப் பள்ளிக்கு வந்தவங்களையும் சேத்துக்குறாங்க. இது பல பேருக்கு தெரியாது. அதே மாதிரி அரசு வேலைல தமிழ் வழில படிச்சவங்களுக்கு 20 சதவீத முன்னுரிமை இருக்கு, அதுக்கு ஒண்ணாங்கிளாஸ்லேர்ந்தே தமிழ் வழியா இருக்கணும்னு ஆக்கிட்டாங்க, இங்கிலீஷ் மீடியம் போனா அந்தக் கதவு மூடிடும். உங்களுக்கு அது முக்கியமா இல்லையாங்கிறத வீட்டுல பேசிக்கோங்க.

சீட் விழலைன்னா கடன் வாங்கி அதே ஸ்கூல்ல போடாதீங்க, இதை மட்டும் அடிச்சு சொல்றேன். தெருமுனை ஸ்கூலுக்கு ஒரு சாதாரண நாள்ல, காலைல பதினோரு மணி போல போங்க, விழா நாள்ல போகாதீங்க. எத்தனை டீச்சர், இன்னிக்கு எத்தனை பேர் வந்திருக்காங்கன்னு பாருங்க. தலைமையாசிரியர்கிட்ட சொல்லிட்டு ரெண்டாங்கிளாஸ் பிள்ளைங்கள்ல கடைசில உக்காந்திருக்குற ஒண்ணைக் கூப்பிட்டு, அந்தப் பிள்ளை முன்னாடி பாக்காத ஒரு நாலு வரிய படிக்கச் சொல்லுங்க, முன் பெஞ்சு பிள்ளை எந்த ஸ்கூல்லயும் படிக்கும். அந்தப் பிள்ளை எழுத்து கூட்டியாவது படிச்சு, என்ன படிச்சேன்னு சொல்லிடுச்சுன்னா அங்க வேலை நடக்குதுன்னு அர்த்தம், தைரியமா போடுங்க, உங்க பொண்ணுக்கு நீங்க எந்தக் கெடுதலும் பண்ணலை. அதே நாலு வரிய எடுத்துக்கிட்டு மெட்ரிக் ஸ்கூலுக்கும் போங்க, அங்கயும் பின் பெஞ்சு பிள்ளைய கேளுங்க. உள்ள விட மாட்டேன்னாங்கன்னா சாயங்காலம் உங்க தெருவுல அந்த ஸ்கூல் வேன்லேர்ந்து இறங்குற ரெண்டாங்கிளாஸ் பிள்ளைய கூப்பிட்டு படிக்கச் சொல்லுங்க. ரெண்டு இடத்துலயும் என்ன நடந்துச்சுன்னு வந்து எழுதுனீங்கன்னா மீதிய சேர்ந்து யோசிக்கலாம்.